ஆங்கிலப் பிழைக்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது

கேள்வி இதுதான்: "பள்ளி, கல்லூரி என்று பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்தாகிவிட்டது. இன்னும் ஒரு மின்னஞ்சல் எழுதினால் மேலாளர் நான்கு இடத்தில் திருத்துகிறார். நாம் அடிக்கடி செய்யும் இலக்கணப் பிழைகள் எவை? தவிர்ப்பது எப்படி?"

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவது பல வருடமாக என் பிழைப்பு. தமிழர்கள் எழுதியது என்றால் முதல் பக்கத்தைப் பார்க்கும் முன்பே எந்தெந்தப் பிழை வரும் என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். விதி தெரியாததால் வருபவை கொஞ்சம்தான். மனசுக்குள் ஓடும் தமிழ் வாக்கியம் அப்படியே ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டு வெளியே வருகிறது. விசேஷம் என்னவென்றால், பல இடங்களில் சரியான விடையும் தமிழிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அதனால் ஆங்கில விதியைச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்வதற்குப் பதிலாக, தமிழைப் பிடித்துக்கொண்டு சரிசெய்யும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் 'ஐ.என்.ஜி' வியாதி. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்", "ஐ ஆம் வான்ட்டிங் எ சேஞ்ச்". சில வினைகள் செயலைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கின்றன, அவற்றுக்கு 'ஐ.என்.ஜி' சேராது என்று இலக்கணப் புத்தகம் சொல்லி, நீளமாக ஒரு பட்டியலும் தரும். அந்தப் பட்டியலை யாரும் நினைவில் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லுங்கள். 'நான்' என்று தொடங்குகிறதா, 'எனக்கு' என்று தொடங்குகிறதா?

எனக்குத் தெரியும். எனக்குப் புரிகிறது. எனக்குப் பிடிக்கும். எனக்கு வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டு அண்ணன் இருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. இவை எதற்கும் ஆங்கிலத்தில் 'ஐ.என்.ஜி' கிடையாது: ஐ நோ, ஐ அண்டர்ஸ்டாண்ட், ஐ லைக், ஐ வான்ட், ஐ ரிமெம்பர், ஐ ஹேவ். "எனக்கு உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று தமிழில் சொன்னால் சிரிப்பு வரும் இல்லையா? ஆங்கிலக்காரருக்கும் அதே சிரிப்புதான் வருகிறது. தொலைபேசியில் "எனக்குக் கேட்கிறது" என்பதைக்கூட "ஐ ஆம் ஹியரிங் யூ" என்று சொல்வதில்லை, "ஐ கேன் ஹியர் யூ".

இந்த உரைகல் எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு சாட்சி. "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்பது சரியான ஆங்கிலம். ஏன்? தமிழில் அது "நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்". 'நான்' வந்துவிட்டது. அதுபோல "நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் "ஐ ஆம் திங்க்கிங்"; "அவர் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது" என்றால் வெறும் "ஐ திங்க் ஹீ இஸ் ரைட்". விதிவிலக்கு இல்லாமல் இல்லை. "எனக்கு வியர்க்கிறது" போன்று உடம்பில் நடப்பதைச் சொல்லும்போது 'ஐ.என்.ஜி' வரலாம். "நான் நம்புகிறேன்" என்பது 'நான்' என்று தொடங்கினாலும் "ஐ பிலீவ்" மட்டும்தான். அந்த நாலைந்தைத் தனியாகக் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது 'ஹேட்'. என் கணக்கில் படித்தவர்கள் அதிகம் செய்யும் பிழை இது, ஆனால் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. "ஐ ஹேட் கம் டு யுவர் ஆபீஸ் எஸ்டர்டே." "ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில்." தமிழில் "நேற்று உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன்" என்பது முழு வாக்கியம். வந்தேன், திரும்பிப் போய்விட்டேன், இப்போது அங்கே இல்லை என்பதெல்லாம் அந்த 'இருந்தேன்' என்பதிலேயே அடங்கிவிடும். ஆங்கில 'ஹேட்' அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஜோடி வேண்டும். கடந்த காலத்தில் இரண்டு சம்பவம் இருந்து, அவற்றில் எது முதலில் நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தால் மட்டுமே அது வரும்: "வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்." நான் போய்ச் சேர்ந்தது பிந்தியது, ரயில் கிளம்பியது முந்தியது. ஜோடி இல்லாமல் 'ஹேட்' போட்டால், கேட்பவர் "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று காத்திருப்பார். நீங்களோ முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஒற்றைச் சம்பவம் என்றால் "ஐ கேம்", "ஐ சென்ட்". அவ்வளவுதான்.

இதன் தம்பி 'ஹேவ்'. "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்பது தவறு, ஏனென்றால் எப்போது என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' நிற்காது. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரம் எது வந்தாலும் "ஐ சா ஹிம்" என்று சாதாரண இறந்தகாலத்துக்குப் போய்விட வேண்டும். மறுபக்கம், 'ஹேவ்' வந்தே ஆகவேண்டிய இடத்தில் அதை விட்டுவிடுகிறோம். "இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன்" என்பது தமிழில் நிகழ்காலம். அதனால் "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்" என்று எழுதுகிறோம். முன்பே தொடங்கி இந்த நிமிடம் வரை நீள்கிற எதையும் ஆங்கிலம் "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்" போல 'ஹேவ்' போட்டுத்தான் சொல்லும். கூடவே வரும் 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்தைத் தமிழ் உருபு தீர்த்துவைக்கும். '-இலிருந்து' என்றால் 'சின்ஸ்': திங்கட்கிழமையிலிருந்து, 2015இலிருந்து. '-ஆக' என்றால் 'ஃபார்': மூன்று நாளாக, பத்து வருடமாக. "சின்ஸ் டென் இயர்ஸ்" என்று எழுதத் தோன்றினால், "பத்து வருடத்திலிருந்து" என்று தமிழில் சொல்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"டிட் யூ வென்ட்?", "ஐ டிடின்ட் சா." ஒரு வினைத்தொடரில் காலத்தை ஒரு இடத்தில்தான் காட்ட வேண்டும், 'டிட்' அதைக் காட்டிவிட்டது, மற்ற வினை மொட்டையாக நிற்க வேண்டும். இதையும் தமிழ் ஏற்கனவே செய்கிறது. 'போனேன்' என்பதன் எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. அந்த 'போக' போலத்தான் 'டிடின்ட் கோ'வில் வரும் 'கோ'. "டஸ் ஹீ கோஸ்" என்பதும் இதே பிழையின் இன்னொரு முகம்: 'டஸ்' என்பதிலேயே 'எஸ்' போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த 'எஸ்' பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது, போகிறோம் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிறோம், ஒரு நாளும் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்திலும் முன்பு "தௌ கோயஸ்ட்", "ஹீ கோயத்" என்று தனித்தனி விகுதிகள் இருந்தன. எல்லாம் உதிர்ந்து இப்போது மிச்சம் இருப்பது படர்க்கை ஒருமைக்கு வரும் ஒரே ஒரு 'எஸ்'. ஆறு விகுதியைச் சுமக்கிற நாம் அந்த ஒன்றைத் தொலைத்துவிடுகிறோம். எழுவாயும் வினையும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடுவோம். நடுவில் பன்மைச் சொல் ஒன்று புகுந்தால்தான் ஆபத்து: "தி லிஸ்ட் ஆஃப் ஐட்டம்ஸ் ஆர் ரெடி" என்று எழுதிவிடுவோம். தயாராக இருப்பது பட்டியல். அது ஒன்றுதான். எனவே 'இஸ்'.

இப்போது ஏ, அன், தி. தமிழில் இவை இல்லாததால் நமக்கு வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் இரண்டுமே இருக்கின்றன, வேறு வேடத்தில்.

'ஏ', 'அன்' வித்தியாசம் நம்முடைய 'ஒரு', 'ஓர்' வித்தியாசமேதான். ஒரு வீடு, ஓர் ஊர். உயிர் வந்தால் 'ஓர்', உயிர் வந்தால் 'அன்'. ஆங்கிலத்திலும் 'அன்' என்பது 'ஒன்று' என்ற எண்ணுப்பெயரிலிருந்து பிறந்ததுதான். குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. விதி பார்ப்பது ஒலியை. ஆகவே சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் சொல் 'அவர்': அகரத்தில் தொடங்குகிறது, எனவே 'அன் அவர்'. நேர்மையானவரைக் குறிக்கும் சொல் 'ஆனஸ்ட்', எனவே 'அன்'. 'யுனிவர்சிட்டி', 'யூரோப்பியன்' இரண்டும் யகர மெய்யில் தொடங்குகின்றன, எனவே 'ஏ'. ஒருவழிச் சாலை 'வன்வே', வகரம், எனவே 'ஏ'. 'எம்.பி.ஏ.' எகரம், எனவே 'அன்'. ஆங்கில எழுத்தைப் பார்த்துக் குழம்புகிறவருக்கும் தமிழ் எழுத்து ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். இந்த 'அன்' ஆங்கிலேயர்களையே ஏமாற்றியிருக்கிறது என்பது நமக்கு ஓர் ஆறுதல். சமையலில் கட்டும் மேலாடை இடைக்கால ஆங்கிலத்தில் 'நாப்ரன்'. 'ஏ நாப்ரன்' என்று சொல்லிச் சொல்லி, பிரிக்கும் இடம் மாறி, 'அன் ஏப்ரன்' ஆகிவிட்டது. கிரிக்கெட்டில் விரலைத் தூக்கும் 'அம்பயர்' தன் முதல் எழுத்தான 'ந'வை இழந்ததும் இப்படித்தான்.

'தி' கொஞ்சம் சிக்கல். எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரியும் என்ற இடத்தில் 'தி' வரும். தமிழில் இந்த வேலையை இரண்டாம் வேற்றுமை உருபு செய்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம்: "ஐ பாட் எ புக்". "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் நாம் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் புத்தகம்: "ஐ பாட் தி புக்". அந்த 'ஐ' உருபுதான் 'தி'. ஆட்களைக் குறிக்கும் பெயர்களுக்கு இந்தச் சோதனை பலிக்காது, அங்கே உருபு எப்போதும் வந்துவிடும். வாக்கியத்தின் எழுவாய்க்கும் உதவாது. அங்கெல்லாம் 'அந்த' என்று சேர்த்துச் சொன்னால் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொதுவாகப் பேசும்போது 'அந்த' பொருந்தாது, 'தி'யும் வராது: "வாழ்க்கை கடினம்" என்பது "லைஃப் இஸ் ஹார்ட்" மட்டுமே, "தி லைஃப்" அல்ல.

'அபௌட்', 'டு', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொற்களுக்கு வருகிறேன். "டிஸ்கஸ் அபௌட் தி இஷ்யூ", "ரீச் டு தி ஹோட்டல்", "எம்ஃபசைஸ் ஆன்", "ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்", "மேரீட் வித்". இங்கே கொஞ்சம் எழுத்துத் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையை விவாதித்தோம். விடுதியை அடைந்தோம். கருத்தை வலியுறுத்தினார். விடுப்பைக் கோரினேன். அவரை மணந்தாள். எல்லாமே 'ஐ' உருபு. ஆங்கிலத்திலும் இந்த வினைகள் நேராகப் போய்ப் பொருளைப் பிடித்துக்கொள்ளும், நடுவில் ஆள் தேவையில்லை. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்றால்தான் "வீ டாக்ட் அபௌட் இட்". 'பேசு' என்ற வினை வந்தால் 'பற்றி'. 'விவாதி' என்ற வினை வந்தால் கூடாது. 'ரிக்வெஸ்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் மட்டும் "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்" சரி. "எக்ஸ்பிளெயின் மீ" என்பதும் இப்படியே தீரும்: விளக்கியது அதை, எனக்கு, ஆகவே "எக்ஸ்பிளெயின் இட் டு மீ".

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. பாட்டைக் கேட்கிறோம், ஆனால் "லிசன் டு". "அவரிடம் சொன்னேன்" என்பதற்கு 'செட்' போட்டால் 'டு' வேண்டும், 'டோல்ட்' போட்டால் கூடாது. காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இத்தகைய வினைகளைத் தனியாகப் படிக்காமல் வாலோடு சேர்த்தே படியுங்கள். 'லிசன்' என்று ஒரு சொல் இல்லை, 'லிசன் டு' என்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'குட் அட்', 'டிபெண்ட் ஆன்', 'வெயிட் ஃபார்' எல்லாம் அப்படியே.

'இஃப்', 'வென்' இரண்டிலும் ஒரு விந்தை. "இஃப் இட் வில் ரெயின்" என்று எழுதுவோர் குறைவு, ஏனென்றால் "மழை பெய்தால்" என்பதில் எதிர்காலம் இல்லை. ஆனால் "வென் ஹீ வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்று தாராளமாக எழுதுகிறோம். "அவர் வரும்போது" என்பதில் ஒளிந்திருக்கும் 'வரும்' செய்கிற வேலை அது. 'இஃப்', 'வென்' இரண்டையும் ஒட்டி வரும் வினைக்கு 'வில்' கூடாது: "வென் ஹீ கம்ஸ்". அவர் வந்ததும் சொல்கிறேன் என்று மாற்றி நினைத்தால் 'வில்' தானாகக் கழன்றுவிடும். "ஆல்தோ... பட்" என்று இரண்டையும் போடுவோருக்கும் ஒரு சொல்: "மழை பெய்தாலும் ஆனால் போனேன்" என்று சொல்வீர்களா?

இலக்கணப் பிழை என்பதைத் தாண்டி, அர்த்தத்தையே தலைகீழாக்கும் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டார்: "யூ ஹேவன்ட் ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்?" நான் "எஸ்" என்றேன். ஆமாம், முடிக்கவில்லை என்பது என் அர்த்தம். முடித்துவிட்டேன் என்பது அவர் புரிந்துகொண்டது. மறுநாள் காலை அவர் அறிக்கைக்காகக் காத்திருந்தார், நான் அப்போதுதான் இரண்டாம் பக்கத்தில் இருந்தேன். தமிழில் 'ஆமாம்' என்பது கேட்டவரின் கூற்றை ஆமோதிப்பது. ஆங்கிலத்தில் 'எஸ்', 'நோ' இரண்டும் கேள்வியைப் பார்ப்பதே இல்லை, உங்கள் பதிலைத்தான் பார்க்கும். உங்கள் பதிலில் 'நாட்' இருந்தால் 'நோ', இல்லாவிட்டால் 'எஸ்'. "நோ, ஐ ஹேவன்ட்." "டூ யூ மைண்ட் இஃப் ஐ ஓப்பன் தி விண்டோ?" என்று கேட்டால், தாராளமாகத் திறங்கள் என்பதற்குப் பதில் 'நோ' என்பதும் இதே கணக்கில்தான். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாமல் வினையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பு.

இதற்குப் பக்கத்து வீடு 'இல்லையா'. "யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?" தமிழ் 'இல்லையா' எந்த வாக்கியத்துக்கும் ஒட்டும். ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும் துணைவினையைத் திருப்பிப் போட வேண்டும்: "ஆரின்ட் யூ?" சிரமமாக இருந்தால் "ரைட்?" என்று முடித்துவிடுங்கள், பேச்சில் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்" என்பதில் கேள்வி வேறொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உள்ளே போனதும் சாதாரண வரிசைக்குத் திரும்ப வேண்டும், "வாட் யுவர் நேம் இஸ்". "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்" என்பதை "என் நண்பர்களில் ஒருவர்" என்று நினைத்தால் விட்டுப்போன 'எஸ்' கண்ணில் படும். 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்', 'லக்கேஜ்', 'ஃபீட்பேக்' ஆறுக்கும் 'எஸ்' கிடையாது. தண்ணீருக்குப் பன்மை இல்லாததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகத்தில் 'மைசெல்ஃப்' வேண்டாம், 'ஐ ஆம்' போதும். 'ரிடர்ன் பேக்' என்றால் திரும்பித் திரும்பி வருவது. "ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி" என்பதில் உள்ள 'ஒன்லி' நம்முடைய 'தான்'. "நேற்றுதான் வந்தேன்" என்பதற்கு "ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே" சரி. ஆனால் "அவர் அங்கேதான் இருக்கிறார்" என்பதை "ஹீ இஸ் தேர் ஒன்லி" என்றால் தமிழ் தெரியாதவருக்குப் புரியாது. அந்தத் 'தானை' குரலில் அழுத்தம் கொடுத்துக் காட்ட வேண்டுமே தவிர, சொல்லாகப் போட முடியாது.

தவிர்ப்பது எப்படி என்றும் கேட்டீர்கள். இத்தனையையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டு எழுத முடியாது, முயற்சி செய்தால் ஒரு வரிகூட நகராது. எழுதும்போது எழுதிவிடுங்கள். மேலாளர் திருத்திய கடைசிப் பத்து மின்னஞ்சலை எடுத்துப் பாருங்கள்; பத்திலும் சேர்த்து மூன்று அல்லது நான்கு வகைப் பிழைதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவை மட்டும்தான் உங்கள் பிழைகள், மற்றதை மறந்துவிடலாம். அனுப்பும் முன் ஒவ்வொரு வகைக்கும் ஒரு முறை என்று படியுங்கள். முதல் முறை 'ஹேட்' இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள், வேறெதையும் பார்க்காதீர்கள். அடுத்த முறை 'ஐ.என்.ஜி'. ஒட்டுமொத்தமாக மூன்று முறை படித்தாலும் கண்ணில் படாத பிழை, அதையே தேடிப் போனால் அரை நிமிடத்தில் அகப்படும். வாய்விட்டுப் படிப்பதும் உதவும், ஆனால் அது காதுக்குப் பழகிய ஆங்கிலம் கொஞ்சமாவது இருந்தால்தான்; இல்லாவிட்டால் பிழையே இனிமையாகக் கேட்கும்.

அந்த மின்னஞ்சல்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிழையே இல்லாததைப் பிழை என்று திருத்தும் பழக்கம் மேலாளர்களிடம் உண்டு. வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்ற கட்டளையை 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் கிளப்பிவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் நல்ல எழுத்தாளர்கள் பலரும் அப்படி முடித்திருக்கிறார்கள். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவே ஒரு சொல்லை நுழைக்கக் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டில் பரவிய பயம். 'பட்', 'அண்ட்' என்று வாக்கியம் தொடங்கக் கூடாது என்பது வெறும் பள்ளிக்கூட விதி. உங்கள் நான்கு திருத்தங்களில் ஒன்று இந்த வகை என்றால், திருத்தப்பட வேண்டியவை மூன்றுதான்.